பொம்மை இறக்காத வீடு

கோயமுத்தூருக்கு வடக்கே சத்தி ரோட்டை ஒட்டி, சோளக்காடுகளெல்லாம் மனைகளாகவும் மனைகளெல்லாம் பெயர்ப்பலகைகளாகவும் மாறிக்கொண்டிருந்த பக்கத்தில், பாதி கட்டிய வீடு ஒன்று இடம் விட்டு இடம் போய்க்கொண்டிருந்தது பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. நேற்றுவரை கிணறு இருந்த இடத்தில் இன்று நீச்சல்குளம் என்று போர்டு நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, காலையில் காலியாகக் கிடந்த மனையில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு வீடு நிற்பது தலைபோகிற காரியமாகத் தெரியவில்லை.

அது உச்சி வெயிலில்தான் வரும். தெருவில் ஒரு குரல் இல்லாமல், நாய்கள் கூடக் கார்களுக்கு அடியில் சுருண்டு கிடக்கிற அந்த நேரத்தில், கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் கிளிப் எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் எதிர்மனையில் வீடு நின்றுகொண்டிருக்கும். ஜன்னல்களுக்கு மேலே காங்கிரீட் பட்டை போட்டதோடு நின்றுபோன சுவர்கள், கூரை கிடையாது, பூச்சு கிடையாது, வாசலுக்கு மட்டும் வேப்பமர நிலை வைத்து மஞ்சள் பூசிச் சந்தனப்பொட்டு இட்டிருக்கும், நிலைக்கு மேலே பேண்ட் சட்டை போட்ட வைக்கோல் பொம்மை ஒன்று தொங்கும். வீடு நடந்து வந்ததை யாரும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று காத்திருந்தவர்கள் எல்லோரும் தூங்கிப்போனார்கள்.

முதல் இரண்டு நாள் மனைக்காரர் வந்து கத்துவார். இந்த இடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார், சுவர் என்ன செய்யும். மூன்றாம் நாள் யாராவது ஒரு பெண், புதுச் சிமெண்டு இப்படி வெயிலில் காய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் தன் வீட்டு ஹோஸ் பைப்பை நீட்டித் தண்ணீர் பிடிப்பாள், அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி சாயங்காலம் பிடிப்பாள், இப்படியே தெருவுக்கு முறை வந்துவிடும். இஸ்திரிக்காரர் வண்டியை அதன் நிழலுக்குத் தள்ளிக்கொள்வார். வாஸ்து பார்ப்பவர் தானாகவே வந்து அளந்து, மனை எந்தத் திசை பார்த்தாலும் இந்த வாசல் மட்டும் கிழக்கே பார்க்கிறது, கட்டியவன் விவரமானவன் என்று சொல்லிவிட்டுப் போவார். அன்னூர் பக்கம் ஓர் ஆடு அதற்குள் போய், தேடித் தேடி அலுத்த பிறகு, வீடு அடுத்து எந்த நகரில் வந்து நின்றதோ அந்த நகரில் வெளியே வந்தது, நன்றாகக் கொழுத்திருந்தது என்கிறார்கள்.

மனிதர்கள் யாரும் உள்ளே போகவில்லை. பயம் என்று சொல்ல முடியாது, அது ஒரு மரியாதை. திருஷ்டி பொம்மை இறக்காத வீட்டுக்குள் வீட்டுக்காரர் கூப்பிடாமல் போகக் கூடாது. ஆனால் உள்ளே குழாயிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் எப்போதும் கேட்டது, இணைப்பே இல்லாத வீட்டில் யாரோ பைப்பைத் திறந்துவிட்டு மறந்துபோன மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. பழகப் பழக அந்தச் சத்தம் இல்லாமல் பிள்ளைகள் தூங்கவில்லை என்று ஆகிவிட்டது. பிறகு ஒரு மத்தியானம் வீடு போய்விடும். ஈரமான சதுரம் மட்டும் மிச்சமிருக்கும், இல்லாத சுவர்களைச் சுற்றிக்கொண்டு எறும்பு வரிசைகள் கொஞ்ச காலம் போகும்.

இதையெல்லாம் அந்தந்த நகர்க்காரர்கள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் மனை விலை என்னாகும் என்ற கவலை ஒன்று, நம் தெருவுக்கு மட்டும் ஏன் இப்படி என்ற கூச்சம் ஒன்று. ஒவ்வொரு நகரும் அந்த வீடு தனக்கு மட்டுமே வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தது, ஜெகதீசன் என்பவர் தன் கம்பெனியில் ஒரு செயலியைச் செய்ய ஆரம்பிக்கும்வரை.

ஜெகதீசன் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் சின்ன மென்பொருள் கம்பெனி வைத்திருந்தார். எந்தப் பக்கம் புது வீடுகள் பெருகுகின்றன, எங்கே குறைகின்றன என்று வரைபடத்தில் காட்டும் ஒரு வலைச்செயலி வேண்டுமென்று வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று அவரிடம் கேட்டிருந்தது. அனுமதி வாங்கிய பட்டியலை நம்பினால் பாதி வீடு காகிதத்தில்தான் இருந்தது, வானத்திலிருந்து எடுத்த படத்தை நம்பினால் கோழிப்பண்ணையெல்லாம் வீடாகத் தெரிந்தது. தலையைப் பிய்த்துக்கொண்ட ஜெகதீசனுக்கு ஒருநாள் டீ குடிக்கும்போது யோசனை வந்தது. நம் ஊரில் எவன் வீடு கட்டினாலும் கண் படாமலிருக்கப் பொம்மை தொங்கவிடுவான், பால் காய்ச்சிக் குடிபோகும் அன்று இறக்கிவிடுவான், ஆகவே பொம்மையை எண்ணினால் போதும். பொம்மை இருந்தால் ஆரஞ்சுப் புள்ளி, கட்டிக்கொண்டிருக்கிற வீடு. பொம்மை இறங்கினால் பச்சைப் புள்ளி, குடிவந்த வீடு. கூரியர் வேலையை விட்டுவிட்டு வந்த நிஸார் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார், அவர் கொண்டுவந்த படங்களில் பொம்மையை அடையாளம் கண்டு புள்ளி வைக்கும் நிரலை கோகிலா எழுதினாள்.

கோகிலா கெட்டிக்காரி, அந்தக் கம்பெனியில் வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று பேக்கரிக்காரரே சொல்வார். இன்றைய நிலவரம் மட்டும் போதாது, பத்து வருஷத்துப் போக்கு வேண்டும் என்று கடன் நிறுவனத்தார் கேட்டபோது, அவள்தான் ஊர்க்காரர்களிடம் பழைய படங்களைக் கேட்கலாம் என்றாள். தேர்த் திருவிழா, மஞ்சள் நீராட்டு, கட்சி ஊர்வலம், புது வண்டிக்குப் பூஜை என்று ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். சிரித்துக்கொண்டு நிற்கிற அத்தனை பேருக்கும் பின்னால் எங்கோ ஒரு பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. காலத்தை இழுத்து நகர்த்த வரைபடத்துக்கு அடியில் ஒரு பட்டை வைத்து, அதை அவள் முதன்முதலாக இழுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சுப் புள்ளிகள் முளைத்துப் பச்சையாகி நிலைத்தன, ஒன்று மட்டும் பச்சையாகவே இல்லை. அது ஊர்ந்துகொண்டிருந்தது.

பிழை என்று நினைத்துத் திருத்தினாள், திருத்தத் திருத்த ஊர்ந்தது. நிஸாரை அனுப்பி விசாரித்தால் ஒவ்வொரு நகரிலும் ஜனங்கள் முதலில் இல்லை என்றார்கள், பிறகு அடுத்த நகருக்கும் போயிருக்கிறது என்று தெரிந்ததும் மடை திறந்தது போலப் பேசினார்கள். எங்கள் தெருவில்தான் அது ரொம்ப நாள் இருந்தது என்று இரண்டு நகர்ச் சங்கங்களுக்குள் வாய்த்தகராறே வந்தது. ஜெகதீசனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. நகர்கிற வீட்டுக்கு எவன் கடன் கொடுப்பான் என்று சொல்லி, அந்தப் புள்ளியை எடுத்துவிடச் சொன்னார்.

எடுப்பதற்காகத்தான் கோகிலா அந்தப் பொம்மையின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டை. மேல் பொத்தான் மட்டும் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டில் நீல நூல் இல்லையென்று, அப்பா அவசரப்படுத்தியதால், சிவப்பு நூலில் அவர் சட்டைக்கு அந்தப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தது அவள்தான். பிறகு தானும் அம்மாவும் குடியிருந்த வாடகை வீடுகளை, கணபதி, சின்னவேடம்பட்டி, விளாங்குறிச்சி, கோவில்பாளையம் என்று வரிசையாக வரைபடத்தில் குறித்தாள். ஆரஞ்சுப் புள்ளி அதே வரிசையில் அவர்களுக்குப் பின்னாலேயே வந்திருந்தது, ஒவ்வொரு தெருவுக்கும் அவர்கள் காலி செய்த பிறகு.

அவள் அப்பா ஆறுச்சாமி மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்து அந்த வீட்டைக் கட்டினார், பொம்மைக்கும் தன் சட்டையையே போட்டுவிட்டார். காங்கிரீட் பட்டை போட்ட மறுநாள் மத்தியானம் அதற்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் நிலைப்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பைப்பு சாயங்காலம்வரை ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த மனையை விற்றவன் வேறொருவருக்கும் விற்றிருந்தது தெரிய வந்து, கோர்ட்டு என்று போக இவர்களுக்குத் தெம்பில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் சுவரை இடிக்க ஜேசிபியோடு வந்தபோது மனை காலியாக இருந்தது, நீங்களே இடித்து எடுத்துக்கொண்டீர்களா நல்லதாகப் போயிற்று என்று போன் செய்து சொன்னார். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அம்மா மயிலாத்தாளுக்கு அதற்குப் பிறகு ஒரு வீடும் ஒத்துவரவில்லை. ஒன்றில் தண்ணீர் உப்பு, ஒன்றில் வீட்டுக்காரிக்கு வாய் நீளம், ஒன்றில் காற்றே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை சட்டி பானையைச் சாக்கில் கட்டச் சொல்வாள், கோகிலா பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மூட்டைகளுக்கு நடுவில்தான். வாடகை வீடானாலும் குடிபுகும் அன்று பால் காய்ச்சுவதுதான் வழக்கம், அம்மா மட்டும் எந்த வீட்டிலும் காய்ச்சவில்லை. அதற்கென்று அப்பா வாங்கி வைத்த பித்தளைச் சட்டி அரிசிப் பானைக்கு அடியில் தினத்தந்தியில் சுற்றியபடியே ஒவ்வொரு வீடாக வந்தது. அம்மாவுக்கு நிலைகொள்ளாத புத்தி என்று கோகிலா மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். தெருக்கோடிக் காலி மனையில், முந்தின நாள்வரை டெம்போக்கள் நின்ற இடத்தில், வீடு வந்திருந்தது. முதன்முறையாக அது அவர்கள் காலி செய்வதற்கு முன்னால் அவர்கள் தெருவுக்கே வந்திருந்தது. இஸ்திரிக்காரர் வண்டியை ஏற்கெனவே தள்ளிக்கொண்டு போயிருந்தார். சாயங்கால வெளிச்சத்தில் பொம்மையின் கைகள் மெல்ல ஆடின, காற்று இல்லை.

கோகிலா சாக்கை எடுத்தாள். வீடு மாறிவிடலாம், இந்தத் தடவை தூரமாக, சென்னைக்கே போய்விடலாம், அவ்வளவு தூரம் வர அதற்குப் பல வருஷமாகும் என்றாள். என்னவோ பேசிக்கொண்டே பாத்திரங்களை இறக்கினாள். அம்மா அவள் கையிலிருந்து சாக்கை வாங்கி மடித்து வைத்தாள்.

"கணபதி வீட்டுல தண்ணி உப்புன்னு சொன்னனல்லோ, அது நல்ல தண்ணிதான் அம்மிணி" என்றாள். "ஒவ்வொரு ஊட்டுலயும் நாந்தான் மொதல்ல பார்த்தேன். ரெண்டு தெரு தள்ளி வந்து நிக்கும். உங்கப்பாரு சட்டை ஆடும், வா வான்னு கூப்புடற மாதிரியே இருக்கும். நானும் போயிட்டா உன்னைய ஆரு பாக்கறது? அதுதான் அது கிட்ட வர்றதுக்குள்ள உன்னையத் தூக்கிட்டு ஓடிட்டே இருந்தேன்."

இத்தனை வருஷம் கோகிலா திட்டிய திட்டெல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இப்போது மட்டும் என்ன என்று கேட்டாள்.

"இப்ப நீ ஆளாயிட்டே. எனக்கும் முட்டி வலிக்குது, இனி ஓட முடியாது. அந்த மனுசன் எத்தன நாளைக்குத் தண்ணிய உட்டுட்டு நிப்பாரு?"

"நான் இன்னும் ஆளாகலைம்மா" என்றாள் கோகிலா.

அம்மா அவள் தலையைத் தடவிவிட்டுச் சோறு போடப் போனாள்.

மறுநாள் கோகிலா விடிந்ததும் ஆபீசுக்குப் போய் அந்தப் புள்ளியை அழித்தாள். அழித்துவிட்டு எங்கே என்று தேடினாள், வரைபடத்தில் இல்லை, கொஞ்சம் மூச்சு வந்தது. பதினொரு மணிக்கு அம்மா போன் செய்து, பால் வாங்கியாச்சு, நீ வந்தால்தான் ஆகும், பொங்கின பிறகு பொம்மையை அந்த வீட்டு ஆள்தான் இறக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினாள். போகாமல் இருந்துவிடலாம் என்று அவள் நினைத்தாள், உண்மையாகவே நினைத்தாள். தான் போகாவிட்டால் அம்மா உள்ளே போகமாட்டாள். வீடு தெருக்கோடியில் நிற்கும், அம்மா ஜன்னலில் நிற்பாள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே காலம் போகும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஜன்னலோரத்து முதுகு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் நிஸாரிடம் வண்டியில் கொண்டுவிடச் சொன்னாள்.

அன்று அந்தத் தெருவில் யாரும் மத்தியானம் தூங்கவில்லை. எவரும் எவரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் குளித்து நல்ல துணி கட்டி அவரவர் கேட்டில் நின்றார்கள். இஸ்திரிக்காரர் அடுப்புக்கு மூன்று செங்கல் கொடுத்தார், எதிர்வீட்டுக்காரி வெற்றிலை பாக்குத் தட்டு கொண்டுவந்தாள், நகர்ச் சங்கத் தலைவர் வழக்கம்போல ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கலர்த்தாளில் சுற்றிக் கொடுத்தார். அம்மா கல்யாணப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருந்தாள், ஒருவரும் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்ததையெல்லாம் பித்தளைச் சட்டியோடு சுமந்துகொண்டு, வலது காலை எடுத்து வைத்து நிலைப்படியைத் தாண்டும்போது மட்டும் கோகிலாவைத் திரும்பிப் பார்த்து, ரசம் வைத்திருக்கிறேன் ஆறிப்போகும் சாப்பிட்டுவிடு என்றாள்.

அவள் உள்ளே போன சற்று நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. யாரோ குழாயைத் திருகி மூடிய சத்தம் தெருவுக்கே கேட்டது. கேட்டுகளில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உள்ளே ஒருவர் தொண்டையைச் செருமினார், அது அம்மா இல்லை. கோகிலா அந்தச் செருமலைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று, அவளுக்கு உள்ளே ஓட வேண்டும் போலிருந்தது, நிலையில் கைவைத்தாள். வேப்பமரம் ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. புகையும் பால் வாசனையும் வந்தன, பிறகு பொங்கி நெருப்பில் வழிகிற அந்தச் சின்னச் சீறல் கேட்டது.

"பொங்கிருச்சு அம்மிணி, இறக்கிரு" என்று அம்மாவின் குரல் வந்தது. சிரிப்போடு வந்தது. அம்மா அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

எதிர்வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவள் ஏறினாள். முடிச்சு வெயிலிலும் மழையிலும் இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். அது அவள் கைகளில் விழுந்தபோது வைக்கோலின் கனம் இல்லை, தூங்கிப்போன மனிதனைத் தூக்கியது போலிருந்தது, கீழே விட்டுவிடக் கூடாதே என்று அவள் நெஞ்சோடு அணைத்துக் குனிந்தாள். கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வெறும் வைக்கோலானது. அவள் நிமிர்ந்தபோது காலி மனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஈரமான சதுரம் மட்டும் இருந்தது, செங்கல்லும் தட்டும் கடிகாரமும் கூட இல்லை. எதிர்வீட்டுக்காரி வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ரசம் இருக்கிறதென்று சொன்னார்களே, போய்ச் சாப்பிடு என்றாள்.

அந்த மனையில் அதற்கப்புறம் டெம்போக்கள் நிற்பதில்லை. அங்கே யாரும் வீடு கட்டவும் வரவில்லை, மனைக்காரர் வேலி மட்டும் போட்டு, கிழக்கே ஒரு ஆள் போகிற அளவு வழி விட்டிருக்கிறார். மத்தியானங்களில் அந்தப் பக்கம் போனால் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்பதாகச் சொல்கிறார்கள். தெருக்காரர்கள் அதில் நேரம் கூடச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

கோகிலா நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்தாள். வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் அழித்திருந்த புள்ளி அதே இடத்தில் பச்சையாக இருந்தது. நிஸார் எடுத்த படத்தில் வேலி போட்ட மண்தான் இருந்தது, நிரலுக்கு அது போதவில்லை, வீட்டைப் பற்றிய விவரங்களைக் கையால் நிரப்பச் சொல்லி ஒரு பெட்டியைத் திறந்து காத்திருந்தது. தளம்: பூஜ்யம். கூரை: இல்லை. குடியிருப்போர் எண்ணிக்கை என்ற இடத்தில் அவள் இரண்டு என்று அடித்தாள். பின்னால் வந்து நின்ற ஜெகதீசன் அதைப் பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை, டீ சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாடகை ஒப்பந்தம் முடிகிற மாதம் வீட்டுக்காரர் வந்து எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டார். காலி செய்யவில்லை, இங்கேயேதான் இருக்கப்போகிறேன் என்று கோகிலா சொன்னாள். மறுநாள் காலையில் பால் வாங்கி வந்து, பித்தளைச் சட்டி போய்விட்டதால் அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள், அது பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், சாயங்காலம்வரை துடைக்கவில்லை.